துணை இறந்தால் பைரி முட்டையைக் கைவிட்டுவிடுமா? (பெர்க்லி மணிக்கோபுரம், 2022 முதல்)

வாசகர் ஒருவரின் தொடக்கப் பதிவு, 2022 பிப்ரவரி 27

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் கோபுரத்தில் வாழும் ஆனி என்ற பெண் பைரியைச் சில நாள்களாகக் காணவில்லை என்று படித்தேன். ஆங்கிலத்தில் பெரிக்ரின் ஃபால்கன் எனப்படும் வேட்டைப் பறவையான பைரியும் அன்றிலைப் போன்றதுதான். துணையைப் பிரிந்தால் மற்றது உயிரோடு இருந்தாலும் மறுதுணை தேடாது. ஆகவே இந்த ஆண்டு அந்தக் கோபுரத்தில் கூடு இருக்காது என்பது என் துணிபு. அருகில் வசிப்பவர்கள் யாரேனும் இதை மறுக்க முடியுமா?

2022 பிப்ரவரி 28

நான் அந்தக் கோபுரத்திலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் இருக்கிறேன். 2018 முதல் ஒவ்வொரு கூட்டுக் காலத்திலும் கீழே நின்று அண்ணாந்து பார்த்து வருகிறேன். பாதியை மறுக்கிறேன், மீதியை மறுக்க எனக்கும் மனம் வரவில்லை.

கோபுரத்தின் பெயர் சேதர் கோபுரம். ஊரில் எல்லோரும் கேம்பனீல் என்கிறார்கள். உயரம் 307 அடி. உச்சியில் 61 மணிகள். 2017-இல் ஆனியும் அவள் துணையான கிரின்னல் என்ற ஆணும் மேல்மாடத்தில் கிடந்த மணல் மூட்டையின் மீது முட்டையிட்டார்கள். பைரி சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுகிற பறவை அன்று. பாறை விளிம்பில் மண்ணையோ சரளையையோ நெஞ்சால் அழுத்திக் காலால் சீய்த்து ஒரு குழி பறித்தால் அதுவே அதற்குக் கூடு. மணல் மூட்டையில் முட்டை உருண்டுவிடக் கூடாதே என்று ஆய்வாளர்கள் சரளைக்கல் நிரப்பிய மரத்தட்டு ஒன்றைப் பின்னர் அங்கே வைத்தார்கள். மக்கள் கொடுத்த நன்கொடையில் நேரலைக் கேமராக்களும் வந்தன.

அன்றில் கதைக்கு எதிரான சாட்சி கடந்த அக்டோபரில் கிடைத்தது. இடத்தைப் பிடிக்க வந்த வேறு பைரிகள் கிரின்னலைத் தாக்கின; அலகு சிதைந்து, சிறகு புண்ணாகித் தரையில் கிடந்தவனை மீட்டு வால்நட் கிரீக்கில் உள்ள லிண்ட்சே வனவிலங்கு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவன் சிகிச்சையில் இருந்த மூன்று வாரத்துக்குள் ஆனியின் பக்கத்தில் வேற்று ஆண் ஒன்று வந்து அமர்ந்தது. அவளும் அதை அடித்துத் துரத்தவில்லை. நவம்பர் 17 அன்று கிரின்னலை விடுவித்தார்கள். அவன் நேரே கோபுரத்துக்குத் திரும்பித் தன் இடத்தை மீட்டுக்கொண்டான். ஆனி அவனோடு சேர்ந்துகொண்டாள்.

இப்போது நிலைமை தலைகீழ். ஆனி இல்லாத இந்த நாள்களில் வேறு பெண்பறவைகள் கோபுரத்துக்கு வந்து போகின்றன. கிரின்னல் அவற்றுக்கும் தலை தாழ்த்திக் கும்பிடு போடுகிறான். அந்தத் தலைதாழ்த்தல்தான் பைரியின் காதல் மொழி. பார்க்கச் சற்று வலிக்கத்தான் செய்கிறது. பைரியின் பாசம் துணையின் மீதன்று, இடத்தின் மீது என்பதே என் எண்ணம். இந்த ஆண்டும் இங்கே கூடு இருக்கும். ஆனால் அதில் ஆனி இருக்கமாட்டாள்.

2022 மார்ச் 1, மாலை

ஆனி வந்துவிட்டாள். ஒன்றுமே நடக்காதவள் போல வந்து மாடத்தில் அமர்ந்திருக்கிறாள். நேற்றைய குறிப்பின் கடைசி வரி தவறு. எழுதியவர்களுள் நானே மிகவும் மகிழ்கிறேன்.

2022 மார்ச் 4

சிலர் கேட்ட இரண்டு கேள்விகளுக்குப் பதில்.

பைரி என்பது வல்லூறா, ராஜாளியா என்பது முதல் கேள்வி. தமிழில் இரைக்கொல்லிப் பறவைகளின் பெயர்கள் ஊருக்கு ஊர் இடம் மாறிக்கொள்கின்றன. பறவை நூல்கள் இதைப் பொரி வல்லூறு என்கின்றன. எனக்குப் பைரி என்ற பழைய சொல்லே நாவுக்கு இணக்கமாக இருக்கிறது. கண்ணுக்குக் கீழே மீசை போல இறங்கும் கரும்பட்டை, முதுகில் கருஞ்சாம்பல், வயிற்றில் குறுக்குக் கோடுகள். இம்மூன்றையும் பார்த்துவிட்டால் பெயர்ச் சண்டை தேவைப்படாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிலையாக வாழும் ஷாகீன் இதே இனத்தின் உள்ளூர் வகை. அதன் வயிறு செம்மை படர்ந்தது. அது மலைப்பாறையில் கூடு வைக்கும். சென்னையில் குளிர்காலத்தில் உயர்ந்த கோபுரங்களில் தென்படுவது பெரும்பாலும் வடக்கிலிருந்து வலசை வருகிற வேறு வகை.

இரண்டாவது, வந்தவள் ஆனிதான் என்று எப்படித் தெரியும் என்பது. நல்ல கேள்வி. கிரின்னலின் காலில் வளையம் இருக்கிறது. 2013-இல் மார்ட்டினெஸ் பக்கம் குஞ்சாக இருக்கும்போதே மாட்டியது. ஆனிக்கு வளையம் கிடையாது. மார்பில் புள்ளிகளின் அமைப்பு, முகத்தின் சாயல், மாடத்தில் அவள் தயக்கமின்றி நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றைக் கொண்டு, ஆண்டுக்கணக்காகத் தினமும் அவளைப் பார்ப்பவர்கள் உறுதி செய்தார்கள். ஆட்டு மந்தையில் தன் ஆட்டை அடையாளம் காண்பவருக்குக் காதில் வளையம் தேவையில்லை என்பது போல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த இரு பறவைகளின் பெயர்கள் இங்குள்ள முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகத்தை 1908-இல் நிறுவிய ஆனி அலெக்சாண்டர், அதன் முதல் இயக்குநர் ஜோசப் கிரின்னல் ஆகியோருடையவை. களத்தில் கண்டதை அன்றன்றே நாள், இடம், வானிலை குறித்து எழுதி வைக்க வேண்டும், எது பின்னாளில் பயன்படும் என்று எழுதும்போது தெரியாது என்பது அந்த மனிதரின் பிடிவாதம். இன்றும் களஆய்வாளர்கள் அவர் பெயரால் வழங்கும் முறையில்தான் குறிப்பெடுக்கிறார்கள். இந்த இழையில் நான் தேதியிட்டு எழுதுவதும், தவறிப்போனதை அழிக்காமல் விடுவதும் அதனால்தான்.

2022 மார்ச் 29

முட்டையிடத் தொடங்கிவிட்டாள்.

பைரியின் முட்டை செங்கல் நிறத்தில் தீட்டிய மண்பாண்டம் போல இருக்கும். வழக்கமாக மூன்று அல்லது நான்கு. ஒரு முட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு நாள். முதல் முட்டையை அவள் முழுநேரமும் மூடி உட்காருவதில்லை என்பதைப் பார்த்துப் பலர் பதறி எழுதியிருக்கிறார்கள். பதற வேண்டாம். கடைசிக்கு முந்தைய முட்டை வந்த பின்னரே முழு அடை தொடங்கும். அப்போதுதான் குஞ்சுகள் ஏறக்குறைய ஒன்றாகப் பொரியும். அதுவரை முட்டை உறங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவில் ஒரு காட்சியை நான் நேற்று நான்கு முறை பார்த்தேன். ஆனி முட்டையை நோக்கி நடந்து வரும்போதே கால்விரல்களை உள்ளுக்கு மடக்கிக்கொள்கிறாள்; புறாவின் முதுகை ஒரே அடியில் பிளக்கும் நகங்கள் மூடிய கைமுட்டியாகிவிடுகின்றன. அந்த முட்டிகளின் மீது தத்தித் தத்தி வந்து, முட்டையைத் தாடையால் தன் பக்கம் இழுத்து, வயிற்றுத் தூவியைப் பிரித்து, வெற்றுத்தோல் முட்டை ஓட்டில் படும்படி இடமும் வலமும் அசைந்து அசைந்து அமர்கிறாள். சாப்பாட்டுக்குப் பாயில் சம்மணமிட்டு அமர்ந்து, பின் சற்று நகர்ந்து சரிசெய்துகொள்வோமே, அதே அசைவு.

2022 மார்ச் 31, இரவு

கிரின்னல் இறந்துவிட்டான். பெர்க்லி நகர மையத்தில் கண்டெடுத்தார்களாம். வாகனம் மோதியிருக்கலாம் என்று கண்காணிப்புக் குழுவினர் அறிவித்திருக்கிறார்கள். காலில் இருந்த வளையத்தால் ஐயத்துக்கு இடமில்லை.

இந்த முட்டைகள் பிழைக்கா. அடைகாக்கும் காலத்தில் ஆண் இரை கொண்டு வந்தால்தான் பெண்ணால் இருக்கையை விட்டு எழாமல் இருக்க முடியும். தனியாள் இரண்டு வேலையும் செய்ய இயலாது. இழையைத் தொடங்கிய நண்பரே, நீங்கள் சொன்னது வேறொரு வழியில் பலித்துவிட்டது போலத் தோன்றுகிறது. இன்று மேலும் எழுத முடியவில்லை.

2022 ஏப்ரல் 1

கிரின்னல் போன சில மணி நேரத்துக்குள்ளாகவே வேற்று ஆண் ஒன்று மாடத்துக்கு வந்துவிட்டது. ஆனி அவனோடு கூடவும் செய்தாள். இதைப் படித்துச் சிலர் அவள் மீது கோபம் கொண்டு எழுதியிருக்கிறீர்கள்; உங்களைக் குறை சொல்லமாட்டேன், ஏனெனில் காலையில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கும் முகம் திருப்பத் தோன்றியது. மாலையில் கோபுரத்தின் அடியில் யாரோ பூச்செண்டு வைத்திருந்தார்கள். அதற்கு முந்நூறு அடி மேலே, அதே நேரத்தில், அவர்கள் இருவரும் ஒன்றையொன்று நோக்கித் தலை தாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

எனக்குள்ள அச்சம் வேறு. புதியவன் முந்தையவனின் முட்டைகளை உடைத்துத் தள்ளிவிடுவானோ? சிங்கம் குட்டிகளைக் கொல்வது போல.

2022 ஏப்ரல் 4

மார்ச் 31, ஏப்ரல் 1 ஆகிய இரு குறிப்புகளையும் திருத்த வேண்டியிருக்கிறது. புதியவன் முட்டைகளின் மீது உட்கார்ந்திருக்கிறான்.

முதலில் அவனுக்கு உட்காரத் தெரியவில்லை. தட்டின் விளிம்பில் நின்று முட்டைகளைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். ஒரு காலை வைத்தான், எடுத்தான். பிறகு கால்களை முட்டியாக மடக்கி அமர்ந்தான். பைரி ஆண் பெண்ணைவிட உருவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறியது. ஆகவே பெண் முழுவதும் மூடிவிடும் முட்டைகளை ஆண் மூட முயன்றால் ஏதாவது ஒன்று பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். அவன் எழுந்தான், திரும்பினான், வேறு கோணத்தில் அமர்ந்தான். பழகிக்கொள்கிறான்.

இதை மதுரையில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். எங்களுக்கும் அவர்களுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே விடியும்போது அம்மா அங்கே மாலை விளக்கை ஏற்றிவிட்டுக் கேமரா காட்சியைத் திறந்து வைத்துக்கொள்கிறார். நான் வியந்து சொன்னதைக் கேட்டு அவருக்கு வியப்பே ஏற்படவில்லை. "அடைக்கோழிக்குக் கீழே நாம வாத்து முட்டை வைக்கலையா? கோழிக்கு அது யாரு முட்டைன்னா தெரியும்? அடை சூடு ஏறிட்டா எதைக் கண்டாலும் உக்காரும்" என்றார். நான் ஐந்து ஆண்டுகளாகப் பைரியைப் பார்த்துக் கற்றதைவிட அம்மா நாற்பது ஆண்டுகளாகக் கோழியைப் பார்த்துக் கற்றது கூடுதல் என்று அப்போது உணர்ந்தேன்.

அதைத் தொடர்ந்து நான் யோசித்தது இது. கிரின்னல் இறந்த தருணம்தான் முட்டைகளைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஆனி அப்போது முட்டையிட்டு முடித்திருக்கவில்லை. முழு அடை தொடங்கவில்லை. ஆகவே சில மணி நேரம் ஓடு குளிர்ந்தது பெரிய கேடாகவில்லை. அவள் கூடலுக்குரிய பருவத்தில் இருந்ததால் புதியவன் அவளோடு கூடினான்; கூடியவனுக்கு அந்தத் தட்டில் கிடப்பவை தன்னுடையவை அல்ல என்று எண்ண வழியில்லை. இதே சாவு மூன்று வாரம் தள்ளி நடந்திருந்தால் என்னாகியிருக்கும்? ஆனி பட்டினியோடு சில நாள் தாக்குப்பிடித்துவிட்டு எழுந்து போயிருப்பாள் என்றே நினைக்கிறேன். எனவே தொடக்கப் பதிவின் கேள்விக்கு இப்போது என் விடை: கைவிடலாம், கைவிடாமலும் இருக்கலாம். அது துக்கத்தைப் பொறுத்ததன்று, நாள்கணக்கைப் பொறுத்தது.

2022 ஏப்ரல் 24

அடை நாள்கள் நிகழ்ச்சி இல்லாதவை. இரவு முழுதும் ஆனி; பகலில் புதியவன் சில மணி நேரம் மாற்றிவிடுகிறான். அந்த நேரத்தில் அவள் எதிர்ச் சுவருக்குப் பறந்து இறக்கையை நீட்டி முறித்துக்கொண்டு, அவன் எங்கோ இடுக்கில் பதுக்கி வைத்த புறாவின் மிச்சத்தைத் தின்று வருகிறாள். இதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை என்பதால், இரண்டு பேர் எழுதியதற்கு மட்டும் பதில்.

பைரி பறக்கும் வேகம் பற்றி எழுதித் திருத்தியவருக்கு நன்றி. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் என்பது உயரத்திலிருந்து இறக்கையை மடித்துச் செங்குத்தாகப் பாயும்போது மட்டுமே. சாதாரணமாகப் பறக்கையில் அந்த வேகத்தின் பக்கத்தில்கூட வராது.

"ஒரு பறவைக் கூட்டுக்கு இவ்வளவு அமளியா" என்று கேட்டவருக்குச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். 1970 வாக்கில் கலிபோர்னியா மாநிலம் முழுவதிலும் கூடுவைத்ததாக அறியப்பட்ட பைரி இணைகள் இரண்டே இரண்டு. டிடிடி பூச்சிமருந்து வயலிலிருந்து பூச்சிக்கும், பூச்சியிலிருந்து சிறுபறவைக்கும், சிறுபறவையிலிருந்து பைரிக்கும் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு படியிலும் செறிவு கூடியது. உடலில் அது சிதைந்து உண்டான நஞ்சு முட்டை ஓட்டில் சுண்ணாம்பு சேர்வதைக் கெடுத்தது. ஓடு மெலிந்தது. தாய் அடைகாக்க அமர்ந்ததும் அவள் எடை தாங்காமல் முட்டை நொறுங்கியது. ஓடு மெலிந்ததை முதலில் அளந்து காட்டியவர் டெரெக் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். அருங்காட்சியகங்களில் இருந்த பழைய முட்டைகளோடு புதியவற்றை ஒப்பிட்டு 1967-இல் எழுதினார். அமெரிக்கா 1972-இல் டிடிடியைத் தடை செய்தது. டாம் கேட் தொடங்கிய பெரிக்ரின் ஃபண்ட் போன்ற அமைப்புகள், கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகக் குழு, இவர்கள் கூண்டில் முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை வளர்த்துப் பாறைகளிலும் கட்டடங்களிலும் விட்டார்கள். 1999-இல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் கூட்டரசுப் பட்டியலிலிருந்து பைரியின் பெயர் நீங்கியது.

மார்ச் 29 குறிப்பில் ஆனி முட்டையின் மீது அமர்வதை அவ்வளவு நீளமாக எழுதினேனே, அதற்குக் காரணம் இதுதான். ஒரு தாய் தன் முட்டையின் மீது உட்கார்ந்தாள், முட்டை உடையவில்லை. அதைப் பார்ப்பதற்கு ஒரு தலைமுறை உழைத்திருக்கிறது.

2022 மே 6

பொரிந்துவிட்டன. இரண்டு குஞ்சுகள்.

முழு அடை தொடங்கி ஏறத்தாழ முப்பத்துமூன்று நாள் என்று கணக்கிட்டு இரண்டு நாளாக வேலைக்கு நடுவே திரையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரம் உலர்ந்ததும் பஞ்சுக்காய் வெடித்தது போல வெண்தூவி விரிந்தது. தலை நிற்கவில்லை; இரண்டும் ஒன்றன் மீது ஒன்று சாய்ந்து கிடக்கின்றன.

புதியவனுக்கு ஆல்டன் என்று பெயராகிவிட்டது. அதே அருங்காட்சியகத்தில் கிரின்னலுக்குப் பின் இயக்குநராக இருந்த ஆல்டன் மில்லரின் பெயர். பெயரில்கூட வாரிசு முறை தவறவில்லை.

2022 மே 20

மூன்றாவது முட்டை கூமுட்டை. குஞ்சுகளின் காலுக்கடியில் உருண்டு கிடக்கிறது. ஆனி அதை இன்னும் சில வேளை தாடையால் தன் பக்கம் இழுத்துப் பார்க்கிறாள்.

குஞ்சுகளுக்குக் கிரின்னல் ஜூனியர், லிண்ட்சே என்று பெயர். இரண்டாவது, கிரின்னலுக்குப் புண் ஆற்றிய மருத்துவமனையின் பெயர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவை, நானும் வாக்களித்தேன்.

புறாவைக் கிழித்து ஊட்டுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மெய்தான். ஆனால் அந்த ஊட்டலைச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். ஆனி இரையைக் காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலில் குஞ்சின் வாய்க்குப் பொருந்தும் அளவுக்கு, ஏறக்குறைய ஒரு துவரம்பருப்பு அளவுக்கு, தசையைக் கிள்ளுகிறாள். எலும்பு வந்தால் தானே விழுங்கிவிடுகிறாள். பிறகு தலையை முழுவதும் பக்கவாட்டில் சாய்த்துக் கொக்கி போன்ற அலகின் ஓரத்தால் கொடுக்கிறாள், கூர்முனை குஞ்சின் வாயில் படுவதே இல்லை. ஒன்று நன்றாக உண்டு தலை கவிழ்ந்ததும் அடுத்ததன் பக்கம் திரும்புகிறாள். ஆல்டனும் ஊட்டிப் பார்த்தான். பெரிய துண்டாகக் கொடுத்தான். குஞ்சால் விழுங்க முடியவில்லை. அதைத் திரும்ப வாங்கித் தானே தின்றுவிட்டு இன்னொரு பெரிய துண்டைக் கொடுத்தான். ஆனி வந்து அவனை நகர்த்திவிட்டு வேலையை எடுத்துக்கொண்டாள். எந்த வீட்டிலும் முதல் குழந்தைக்கு முதன்முதலாகச் சோறூட்டும் அப்பாவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று.

இப்போது அன்றில் பேச்சுக்குத் திரும்புகிறேன். பிப்ரவரியில் "பாசம் துணையின் மீதன்று, இடத்தின் மீது" என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் அதை எழுதிய தொனியில் பறவையைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டேனோ என்று இந்த இரண்டு மாதமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. பனைமரத்து அன்றில் துணையைப் பிரிந்து இரவில் ஏங்குவதைப் பாடிய சங்கப் புலவர்கள், பிரிவில் வாடும் மனிதரின் நெஞ்சை அந்தக் குரலில் கேட்டார்கள். அது கவிதைக்குரிய உண்மை. ஆனால் அதே அளவுகோலை எடுத்து வந்து ஆனிக்குப் பிடித்தால் அவள் கற்பிழந்தவள் ஆகிறாள். மார்ச் 31 அன்று ஆனி ஏங்கி அமர்ந்திருந்தால் இன்று இந்த இரண்டு குஞ்சுகளும் இல்லை. ஏப்ரல் 1-ஆம் தேதி நான் முகம் திருப்பிக்கொள்ளத் தோன்றிய அந்தக் காட்சிதான் கிரின்னலின் பிள்ளைகளை உயிரோடு வைத்தது.

2022 ஜூன் 27

இருவரும் பறந்துவிட்டார்கள்.

இங்கே பறக்கும் பருவத்தில் தன்னார்வலர்கள் கீழே நின்று காவல் பார்ப்பார்கள். நானும் மூன்று மாலைகள் நின்றேன். பொரித்து ஆறு வாரத்தை ஒட்டிக் குஞ்சு மாடத்தின் விளிம்பில் ஏறி நின்று, ஓடாமல் ஓடுவது போல இறக்கையை அடித்துக்கொண்டே இருக்கும்; வெண்தூவியின் கடைசித் துணுக்குகள் காற்றில் பிய்ந்து கீழே புல்வெளிக்கு வந்து இறங்கும். ஆனி இரையைக் காலில் பிடித்துக்கொண்டு குஞ்சின் முகத்துக்கு எதிரே பறந்து காட்டிவிட்டுத் தராமல் போவாள். பசித்தவன் பின்தொடர்வான் என்பது கணக்கு.

முதல் பறத்தல் எளிது. முதல் இறங்குதல்தான் உயிர்போகும் வேலை. 2017-இல் இங்கே முதன்முதலாகப் பொரித்த இரண்டில் லக்ஸ் என்பவள் பறக்கத் தொடங்கிய சில நாளிலேயே அருகிலுள்ள எவன்ஸ் கூடத்தின் சன்னலில் மோதி இறந்தாள். பாறைச் சரிவில் வளர்ந்த குஞ்சு தவறினால் புதரில் விழும். நகரத்தில் தவறினால் கண்ணாடி, சாலை, வாகனம். கிரின்னல் எட்டு வயதுக்கு மேல் வாழ்ந்தும் சாலையில்தான் முடிந்தான். நகரம் பைரிக்குப் புறாவையும் தருகிறது, கண்ணாடியையும் தருகிறது.

நகரத்தில் பிறந்தவை நகரத்துக்கே பழகிவிடும், காட்டுக்கு உதவா என்று ஒருவர் சொன்னதற்கு ஒரே ஒரு மறுமொழி: 2018-இல் இந்தக் கோபுரத்தில் பொரித்த லாரன்சியம் என்ற பெண் இப்போது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் நடுவே அல்காட்ராஸ் தீவுப் பாறையில் கூடு வைத்துக் குஞ்சு வளர்க்கிறாள். சிறைச்சாலை இருந்த தீவுதான். காற்றும் கடற்பறவைகளின் இரைச்சலும் தவிர அங்கே அவளுக்குக் கோபுரமும் இல்லை, தட்டும் இல்லை.

2022 டிசம்பர் 3

ஆல்டன் நவம்பரிலிருந்து காணவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு கூட்டுக் காலம். தன் முட்டையா என்று அறியாமலே ஒரு கோடையை முழுவதும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

2023 ஜூன் 11

நெடுநாள் எழுதவில்லை. ஜனவரியில் ஆனியோடு சேர்ந்த புதிய ஆணுக்கு லூ என்று பெயர். ஆனி அலெக்சாண்டரின் வாழ்நாள் தோழியும் களப்பயணத் துணையுமான லூயிஸ் கெல்லாகின் நினைவாக. இந்த ஆண்டு மூன்று குஞ்சுகள். லூ ஊட்டக் கற்றுக்கொண்ட வேகம் ஆல்டனைவிட அதிகம் என்று அம்மா தீர்ப்பு வழங்கியிருக்கிறார்.

2025 பிப்ரவரி 23

இந்த இழையை மீண்டும் மேலே கொண்டு வருகிறேன், மன்னிக்கவும்.

2024-இல் ஆனியும் லூவும் நான்கு குஞ்சுகள் வளர்த்தார்கள். இந்த ஜனவரி முதல் இருவருமே இல்லை. இருவரும் இறந்திருக்க வேண்டும் என்றும், பறவைக் காய்ச்சல் காரணமாக இருக்கலாம் என்றும் கண்காணிப்புக் குழுவினர் கருதுகிறார்கள். நோயுற்ற நீர்ப்பறவை எளிதாகப் பிடிபடும்; பிடித்துத் தின்பவருக்கு அந்த நோய் வரும்; பைரி அதன் வரிசையின் கடைசியில் நிற்கிறது. டிடிடி பற்றி எழுதிய பத்தியில் ஏறி வந்த அதே ஏணி.

2022-இல் ஆனி ஒரு வாரம் காணாமல் போய்த் திரும்பியதை நினைத்து, இம்முறையும் மார்ச் முதல் தேதி வரை பொறுத்திருங்கள் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் தினமும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் இப்போது எட்டாண்டுத் துணைகளின் பட்டியலைப் பார்த்தால் கிரின்னல், ஆல்டன், லூ என்று ஆண்கள் மாறினார்கள். மாறாதவள் அவள் ஒருத்தி. பாசம் இடத்தின் மீது என்று எழுதினேனே, அந்த இடம் எங்களுக்கு அவளாகவே ஆகிவிட்டிருந்தது.

தொடக்கப் பதிவு எழுதிய நண்பர் நேற்று தனியே கேட்டார், இந்த ஆண்டு கூடு இருக்குமா என்று. தட்டில் சரளை அப்படியே இருக்கிறது. ஆனி நெஞ்சால் அழுத்திய குழி மழையில் பாதி தூர்ந்துவிட்டது. இன்று அதிகாலை அம்மா அழைத்து, "யாராவது வந்து உட்கார்ந்தாங்களா?" என்று கேட்டார். கேமராக்களில் யாரும் இல்லை, ஆனால் கோபுரத்தின் எல்லாப் பக்கங்களையும் அவை காட்டா. நாளை காலை ஏழு மணிக்கு மணிக்கோபுரத்தின் கிழக்குப் பக்கப் படிக்கட்டில் நிற்பேன். அருகில் இருப்பவர்கள் தொலைநோக்கியோடு வரலாம்.